வீட்டிலிருந்து நான்கு வரி

தன் கதை ஓர் இணைய இதழில் வரப்போகிறது என்று தெரிந்த அன்று லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழுதுபார்க்கப் போன கட்டடத்தில் ஐந்தாம் மாடி அம்மா எதிரே வந்தாள். அவள் கேட்காமலே, தன் கதை ஒன்று வரப்போவதாக அவளிடம் சொன்னார். லிஃப்ட் எப்போது ஓடும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அரை மணியில் ஓடும் என்றார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான்.

வயது ஐம்பத்தெட்டு. அதில் முப்பது வருடம் மொட்டை மாடிகளுக்கு மேலே மெஷின் ரூம்களில், மோட்டாருக்கும் இரும்பு வடத்துக்கும் நடுவே குந்தியிருந்தே போயிற்று. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் கதை எழுத ஆரம்பித்தார். வீட்டில் பேச ஆள் இல்லாதவன் சுவரோடு பேசுவான். இவர் சர்வீஸ் ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தோடு பேசினார். ஆறு கதை எழுதி ஐந்தைக் கிழித்துப் போட்டார். மிஞ்சிய ஒன்றை செல்போனில் ஒற்றை விரலால் தட்டி, பத்து நாளில் முடித்து, அனுப்பி வைத்தார்.

அந்தக் கதைக்கு 'ஒன்பதாவது மாடி' என்று பெயர். ஒரு லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி ஆஸ்பத்திரியில் ஒன்பதாவது மாடியில் சாகக் கிடக்கிறாள். ஆஸ்பத்திரி லிஃப்ட் அன்றைக்கென்று பார்த்து நின்றுவிடுகிறது. அதைச் சரிசெய்துகொண்டிருந்தால் நேரம் போய்விடும் என்று மனிதர் படியேறி ஓடுகிறார். மூச்சு இரைக்க மேலே போய்ச் சேரும்போது அவளுக்கு உயிர் இருக்கிறது. "வந்துட்டீங்களா" என்கிறாள். கையைப் பிடித்துக்கொள்கிறார். அதோடு கதை முடிகிறது. 

இதழை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். இதழுக்குத் தனி ஆபீஸ் கிடையாது. நோயாளிக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அது வேலை செய்கிற பத்து நிமிடத்தில் அந்த அம்மாள் பக்கத்து அறையில் ஒரு கதையைப் படித்து முடித்துவிடுவார். பிடித்திருந்தால் எழுதியவரைக் கூப்பிடுவார். லிஃப்ட்காரரையும் கூப்பிட்டார். கதையின் நடுவிலிருந்து ஒன்றரைப் பக்கத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "வலிச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றார் லிஃப்ட்காரர். வலித்தது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிய சிறுகதை எழுத்தாளர்களை இந்த இதழ் மொத்தமாக அறிமுகப்படுத்தும். அதில்தான் டாக்டரம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார். எழுத்தாளர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொள்ளும் குறிப்புகளைப் படித்துப் படித்து அவருக்கு அலுத்துவிட்டது. எல்லாரும் ஆறு வயதிலேயே வாசிக்க ஆரம்பித்தவர்கள், எல்லாருக்கும் மழை பிடிக்கும், எல்லாரும் தனிமையை நேசிக்கிறவர்கள். அப்படியே நேசித்தாலும் அதை ஊரைக் கூட்டியா சொல்வார்கள்? ஆகவே எழுத்தாளரைப் பற்றி அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த யாராவது ஒருவர் நான்கு வரி எழுத வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். அதில் ஒரு எழுத்தைக்கூட டாக்டரம்மா தொடமாட்டார். எழுத்தாளருக்கு முன்கூட்டிக் காட்டவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் கூட்டம் நடக்கும். எழுதியவரே அதை வாசிப்பார், எழுத்தாளர் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்வார். மறுநாள் இதழ் வெளியாகும். வாசகர்கள் கதையை விட்டாலும் விடுவார்கள், இந்த நான்கு வரியை விடமாட்டார்கள்.

லிஃப்ட்காரர் வீட்டில் இருந்தது அவர் மட்டும்தான். யோசித்துப் பார்த்துவிட்டு, கூட வேலை செய்கிற மெக்கானிக்கைப் பிடித்தார். எல்லாரும் 'ஸ்பேனர்' என்று கூப்பிடும் அந்த ஆள், எழுதுவது என்றால் சர்வீஸ் ரிப்போர்ட் மட்டுமே எழுதத் தெரிந்தவர். அதே பாணியில் எழுதிக் கொடுத்தார்: 'மேற்படி நபர் நல்ல நிலையில் இயங்குகிறார். அவ்வப்போது சத்தம் வருகிறது, எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். பெரிய பழுது எதுவும் இல்லை. அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து.'

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நர்ஸைக் கூப்பிட்டு அவளுக்கும் படித்துக் காட்டினார். பிறகு இந்த ஆள் எந்த வருடம் உங்கள் வீட்டில் குடியிருந்தார் என்று கேட்டார். லிஃப்ட்காரர் ஏதோ ஒரு வருடத்தைச் சொன்னார். எந்தத் தெரு என்றார் டாக்டரம்மா. அங்கே மாட்டிக்கொண்டார். சொத்தைப் பல்லைக் கண்டுபிடிப்பதே தொழிலாக வைத்திருப்பவரிடம் போய் இவர் பொய்யை மறைக்கப் பார்த்தார்.

வீட்டு மனிதர் என்று வேறு யாருமே இல்லையா என்று டாக்டரம்மா கேட்டார். ஒரு மகள் இருக்கிறாள், வேறு ஊரில் இருக்கிறாள் என்று மென்று விழுங்கினார் லிஃப்ட்காரர். அப்புறம் என்ன, நம்பரைக் கொடுங்கள் என்றார் அவர்.

கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது அவர் மனசில் ஒரு கணக்கு ஓடியது. மகள் அவரோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. அவர் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள். அவளைப் பற்றித் தெரிவதெல்லாம் மச்சினி வழியாகத்தான். ஆனால் ஒரு டாக்டர், அதுவும் இதழாசிரியர், முன்பின் தெரியாதவர் கூப்பிட்டு உங்கள் அப்பாவைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள் என்று கேட்டால், முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று சொல்லமாட்டாள். எழுதுவாள். எழுத உட்கார்ந்தால் நல்லதாக நாலு நினைவுக்கு வரும். அந்தச் சாக்கில் பேச்சு வந்துவிடும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றே நினைத்தார்.

"நல்லதுங்க. கதைய இன்னைக்கே அவங்களுக்கு அனுப்பிடறேன்" என்றார் டாக்டரம்மா. "கதையப் படிச்சுட்டுத்தான் குறிப்பு எழுதணும். அதுதான் நம்ம வழக்கம்."

கொடுத்த நம்பரைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றியது. அதற்குக் காரணம் இருக்கிறது.

மனைவி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். பதினோரு நாளும் இவர் பக்கத்தில்தான் இருந்தார், அதில் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டாவது நாள் காலை பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்று அல்லது நாளை, கூடவே இருங்கள் என்று சொன்னார். மகள் அம்மாவின் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். லிஃப்ட் நின்றது நிஜம்தான். ஆனால் அது வேறு எவனும் சரிசெய்யக்கூடிய பழுது. பதினொன்றரைக்கே வேலை முடிந்துவிட்டது. மூன்று மணி வரை மனிதர் மெஷின் ரூமிலேயே உட்கார்ந்திருந்தார்.

மகள் கூப்பிட்டாள். கருவிப் பையின் மேல் வைத்திருந்த போன் அதிர்ந்தது. அவள் பெயர் தெரிந்தது. அது அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கூப்பிட்டாள், மறுபடி பார்த்தார். இப்படி நான்கு முறை. நடுவே ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள், அதை மட்டும் எடுத்து வேலை முடிந்தது என்று சொன்னார். மனைவி சாவதைத் தன் கண்ணால் பார்க்க இந்த மனிதருக்குத் தைரியம் இல்லை. இதைப் பூசி மெழுகிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பயந்து போய் ஒளிந்துகொண்டார். மூன்றரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

துக்கம் விசாரிக்க வந்த ஆபீஸ் பெண், நல்ல எண்ணத்தில்தான், வாயை விட்டாள். பாவம், ஒன்றரை மணிக்குக்கூட நான் சாரிடம் பேசினேனே, வேலை முடிந்துவிட்டது என்று சாதாரணமாகத்தானே சொன்னார், அதற்குள் இப்படியா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மகள் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அப்பா, நான் கூப்பிட்டது உங்களுக்குத் தெரியலையா?" என்றாள்.

"மெஷின் ரூம்ல சிக்னல் இல்லம்மா" என்றார்.

லிஃப்ட் வேலைக்காரர்கள் எல்லாரும் சொல்லும் பொய் அது. முதலாளியிடம் சொல்வார்கள், கடன்காரனிடம் சொல்வார்கள், எல்லாரும் நம்புவார்கள். மகளிடம் போய்ச் சொல்லி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். அவள் உடனே எழுந்து போய்விடவில்லை. இன்னொரு தடவை சொல்லட்டும் என்பது போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் மோவாயைத் தடவிக்கொண்டார். அவள் எழுந்து போய்ப் பெட்டியை அடுக்கினாள். அத்தோடு பேச்சு நின்றது.

இப்போது அந்த மகள் கையில் 'ஒன்பதாவது மாடி' போகப் போகிறது. ஆழம் தெரியாமல் காலை விட்டது லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கதையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று டாக்டரம்மாவுக்கு ஒரு செய்தி தட்டினார். தட்டி முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பவில்லை. கதையும் வரவேண்டும், மகளும் வரவேண்டும் என்ற ஆசைதான். ஆசை யாரை விட்டது?

வியாழக்கிழமை மச்சினி கூப்பிட்டாள். இறந்துபோன மனைவியின் தங்கை. இவர் பேரில் கோபம் இல்லாத ஒரே ஆள், ஆனால் எதையும் உடைத்துக் கேட்டுவிடுவாள். பாப்பா கதையைப் படித்தாளாம், படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டாளாம். முப்பது வயசானாலும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். என்ன சொன்னாள் என்று லிஃப்ட்காரர் கேட்டார். எதுவும் சொல்லவில்லையாம், கொஞ்ச நேரம் அழுதாளாம், வைத்துவிட்டாளாம்.

"ஆமா மாமா, அக்கா இருந்தது ரெண்டாவது மாடிதானே? நீங்க ஏன் ஒம்போதுன்னு போட்டீங்க?" என்று மச்சினி கேட்டாள்.

கதைக்காக என்றார். அதுவும் பொய். எழுதும்போது முதலில் இரண்டு என்றுதான் எழுதினார். அந்த மனிதன் இரண்டு மாடி ஏறிப் போய்ச் சேர்ந்தது அவருக்குப் போதவில்லை. அவனுக்கு இன்னும் கொஞ்சம் கஷ்டம் வேண்டும் என்று தோன்றியது. நான்கு என்று திருத்தினார், பிறகு ஏழு, பிறகு ஒன்பது. இரண்டு மாடி ஏறாதவர் தாளில் மட்டும் ஒன்பது மாடி ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து மணிக்குக் கூட்டம். டாக்டரம்மா கிளினிக்கிலிருந்தே வந்திருந்தார், பின்னால் நோயாளி நாற்காலி காலியாகத் தெரிந்தது. மகள் வருவாளா என்று லிஃப்ட்காரர் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார்.

முதலில் ஒரு நர்ஸின் கணவர் வாசித்தார். தன் மனைவி எழுதும்போது என்ன கேட்டாலும் 'ஆங்' என்பாள், பதினாறு வருடமாக அந்த ஆங்குக்கு ஆமாவா இல்லையா என்று தெரியாமலே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து ஒரு பஸ் டிரைவரின் அம்மா. தன் பிள்ளை கதை எழுதுவது தனக்கு இப்போதுதான் தெரியும் என்றும், இத்தனை நாள் எந்தப் பெண்ணுக்கோ லெட்டர் எழுதுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகவும், பெண்ணாக இருந்திருந்தால் தேவலை என்றும் வாசித்தாள். டிரைவர் முகத்தை மூடிக்கொண்டார். லிஃப்ட்காரரும் சிரித்தார். சிரிக்கும்போதே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

மூன்றாவதாக அவர் பெயரைச் சொன்னார் டாக்டரம்மா. வீட்டிலிருந்து மகள் என்றார்.

திரையில் புதிதாக ஒரு சதுரம் வந்தது. மகள் கண்ணாடி போட்டிருந்தாள். அவளுக்குக் கண்ணாடி வந்ததே அவருக்குத் தெரியாது. கொஞ்சம் இளைத்திருந்தாள். பின்னால் ஒரு அலமாரி, கதவில் தொங்கும் துண்டு, ஜன்னலில் ஒரு செடி. அந்த அறையை அவர் பார்த்ததே இல்லை. பெற்ற மகள் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுகூடத் தெரியாத தகப்பன் என்று தன்னைத்தானே நினைத்துக்கொண்டார். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தாள்.

"எங்கப்பா லிஃப்ட் மெக்கானிக். நான் ஸ்கூல்ல படிக்கும்போது கட்டுரையெல்லாம் அவர்தான் எழுதித் தருவாரு. ஒரு தடவை அம்மாவைப் பத்திக் கட்டுரை. என் அம்மா அருமையா பாடுவாங்கன்னு எழுதிட்டாரு. எங்கம்மாவுக்குப் பாடவே வராது. ஆனா அதைப் படிச்சுட்டு ஒரு வாரம் பாடிக்கிட்டே இருந்தாங்க, எங்களால தாங்க முடியல."

சிரிப்பு எழுந்தது. பஸ் டிரைவரின் அம்மா சத்தமாகவே சிரித்தாள். லிஃப்ட்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தார். அந்த ஒரு நிமிடம் அவர் பட்ட சந்தோஷத்தை அவர் எதிரிகூடக் கெடுக்கமாட்டான். மகள் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு மீதியை வாசித்தாள்.

"இந்தக் கதைல ஒருத்தர் ஒம்போது மாடி ஏறி வர்றாரு. எங்கப்பா வரல, எங்கம்மா எதுவும் சொல்லல, கடைசி வரைக்கும் கதவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

தாளை மடித்தாள்.  நர்ஸின் கணவர் தன் சதுரத்தில் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது லிஃப்ட்காரருக்கு இதுவரை தெரியாது. இரண்டு வருடமாக யாரிடமும் கேட்க வாய் வராமல் அவர் சுமந்துகொண்டிருந்த கேள்வி அது ஒன்றுதான். நினைவு இல்லாமல் போயிருப்பாள், அவர் இல்லாதது அவளுக்குத் தெரிந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித்தான் தூங்கிவந்தார். அந்தச் சமாதானமும் போய்விட்டது.

பதில் சொல்வது எழுத்தாளரின் முறை. டாக்டரம்மா தயங்கினார். விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். தப்பித்துக்கொள்ள வழி திறந்துதான் இருந்தது. இந்த ஒரு முறை அவர் அதில் நுழையவில்லை.

"போன் அடிச்சுது, பாப்பா" என்றார். "நாலு தடவை அடிச்சுது. சிக்னல் எல்லாம் இருந்துச்சு. உன் பேரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். பயமா இருந்துச்சும்மா."

மகள் கண்ணாடியைக் கழற்றினாள். மூக்கின் இரண்டு பக்கமும் அதன் தடம் பதிந்திருந்தது. பிறகு பேசினாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேன்பா. ரெண்டு மாசம் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் தானா வந்திருப்பேன். இப்ப ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. எனக்குக் கோவம்கூட வரல."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதார். அழுதுகொண்டே டாக்டரம்மாவிடம், அந்தக் கதை வேண்டாம், அது பொய்க் கதை, எடுத்துவிடுங்கள் என்றார். எத்தனையோ பேரின் பக்கங்களை யோசிக்காமல் பிடுங்கிப் போட்ட டாக்டரம்மாவுக்கு இதை எடுக்க மனசு வரவில்லை.

"எடுக்காதீங்க மேடம்" என்றாள் மகள். வீடியோவை அணைப்பதற்காகத் திரைக்கு நேரே நீட்டிய கையை அப்படியே நிறுத்தினாள். முதல் முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்பா. அதுலயாவது நீங்க வந்தீங்கல்ல."